கீழ்வரிசைக் கூண்டுகள்

இவர் என் பெயரைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். என் கையெழுத்தின் கதையைக் கேள்விப்பட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்.

எதிரே இருந்தவர் பேசிக்கொண்டிருந்தார். ராஜேஸ்வரி தலையை அசைத்தபடி மனதுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒங்க வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்குங்க டீச்சர்" என்று அவர் சொன்னபோது அவள் பின்கழுத்தில் சூடு ஏறியது. பத்து வருஷமாக அப்படித்தான். யாராவது நம்பிப் பேசினால் உடனே ஏறும்.

புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியின் ரசாயன அறை அது. 1955-ஆம் வருஷத்துத் தை பிறக்க ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமையானதால் பிள்ளைகள் இல்லை. அறையின் மூலையில் சின்னப்பிள்ளை சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது விதவை; பள்ளியின் சோதனைக்கூட உதவியாள். வாசகசாலையில் வரும் துப்பறியும் கதைகளை ஒன்று விடாமல் படிப்பவள். கழுவிய குழாயையே மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்ததிலிருந்து, அவள் காது எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது.

வந்தவர் பெயர் குமரப்பன். பர்மாவில் வியாபாரம் செய்து திரும்பிய செட்டியார். திருமயத்துக்குத் தெற்கே, ஓடாமல் நின்றுபோன தன் கடலை எண்ணெய் ஆலையில் நாலு வருஷமாக ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடம் நடத்துகிறார்.

"காச நோய்க்கு மருந்து செய்யிறோம். இருபத்தாறு சரக்கு தோத்துப் போச்சு. இருபத்தேழாம் நம்பர் பலிச்சுச்சு. இருபத்து நாலு சீமை எலிக்கு, கினிப்பன்றிம்பாகளே, அதுக்கு நோயை ஏத்தினோம். பன்னெண்டுக்கு மருந்து, பன்னெண்டுக்கு ஒண்ணுமில்லை. மருந்து தின்ன பன்னெண்டும் பொழைச்சுச்சு. தின்னாத பன்னெண்டும் செத்துச்சு."

"நல்லதுதானே?"

"அதே சோதனையை இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்கன்னு ஆஸ்பத்திரி டாக்டருக சொல்லிட்டாக. செஞ்சோம். இந்தத் தடவை இருபத்து நாலும் பொழைச்சுச்சு. மருந்து தின்னதும் பொழைச்சுச்சு, தின்னாததும் பொழைச்சுச்சு. அப்ப மருந்து எதுக்குங்க?" அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "யாரோ உள்ள இருந்து கெடுத்துட்டாக. மருந்தை மாத்தி வச்சாகளோ, செத்த கிருமியை ஊசியிலே ஏத்துனாகளோ தெரியலை. கிருமி வேலை பாக்கிற பொண்ணு சிவகாமி மேலதான் எங்க டாக்டர் முத்துராமனுக்குச் சந்தேகம். அந்தப் பொண்ணு வாயைத் தொறக்க மாட்டேங்குது."

"போலீசுக்குப் போகலாமே?"

குமரப்பன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எம்மக நாச்சம்மை பத்தொம்பது வயசு. ரெண்டு வருசமா ஆஸ்பத்திரியிலே கெடக்கா. ஊசி போட்டுப் போட்டுக் காது மந்தமாயிருச்சு. இப்ப ஊசியும் கேக்கலை, புது மாத்திரையும் கேக்கலை. இருபத்தேழாம் நம்பரைக் குடுக்கணும்னா டாக்டருகளுக்கு ரெண்டு சோதனைத் தாள் வேணும். ஒண்ணுதான் இருக்கு. அன்னவாசல் பக்கம் ஒரு கடையிலே நல்லெண்ணெயிலே என்ன கலந்திருந்துச்சுன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? வந்து பாருங்க."

அவர் காருக்குப் போனதும் சின்னப்பிள்ளை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "டாக்டருதான் டீச்சர். பம்பாய்க் கம்பெனிக்கு மருந்தை வித்துட்டு, பழியை அந்தப் பொண்ணு மேல போடுறாரு. கதையிலே எப்பவும் மொதல்ல விரல் நீட்டுறவந்தான் ஆளு."

"அப்படின்னா நீதான் முதல்ல விரல் நீட்டியிருக்கே," என்றாள் ராஜேஸ்வரி. "செருப்பைப் போட்டுக்கோ. போவோம்."

*

ஆலையின் செக்கு இருந்த இடத்தில் இப்போது மேசைகள் இருந்தன. கண்ணாடிக் குடுவைகளும் அடுப்புகளும் வரிசையாக இருந்தாலும் சுவரிலிருந்து கடலைப் பிண்ணாக்கு வாடை இன்னும் போகவில்லை. டாக்டர் முத்துராமன் சீமையில் படித்தவர், ஒல்லியான மனிதர். சந்தேகத்தைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகப் பேசினார். மருந்தைப் பற்றிக் கேட்டால் முகம் மாறிவிட்டது.

"ரெண்டு பொருளைச் சாராயத்திலே கரைச்சுக் கொதிக்க வைக்கிறோம். ஒரு பொருள் எப்பவும் ஒண்ணுதான். இன்னொண்ணைத்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்துறோம். மூலக்கூறுக்கு ஒரு வால் இருக்குன்னு வச்சுக்கங்க. அந்த வாலிலே ஒரு அணுக்கூட்டத்தைச் சேர்த்தா ஆறாம் நம்பர். அதை எடுத்துட்டு வேறொண்ணைச் சேர்த்தா ஏழாம் நம்பர். ஆறாம் நம்பர் எலியையே கொன்னுச்சு. பதினெட்டு கிருமியையும் தொடலை, எலியையும் தொடலை. இருபத்தேழு..." அவர் ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே மஞ்சள் படிகங்கள், காய்ந்த மகரந்தம்போல. "ஆறினவுடனே ஊசி ஊசியா வந்து விழும். அன்னைக்கு நான் சாப்பிடவே இல்லை, பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"முதல் சோதனையிலே கொடுத்த சரக்கு மிச்சம் இருக்கா?"

"முத்திரை வச்சு என் மேசையிலே இருக்கு."

"இரண்டாவது சோதனைக்கு மடிச்ச பொட்டலம்?"

"மூணு மிஞ்சியிருக்கு. தினம் பன்னெண்டு பொட்டலம், ஒரு எலிக்கு ஒண்ணு. சிவகாமி நிறுத்து மடிக்கும்."

ராஜேஸ்வரி இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்தாள். பழையதை ஒரு நுண்குழாயிலும், புதியதை ஒன்றிலும், இரண்டையும் சேர்த்து அரைத்த கலவையை மூன்றாவதிலும் அடைத்து, வெப்பமானியோடு கட்டி எண்ணெயில் இறக்கிச் சூடேற்றினாள். சின்னப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இதிலே என்ன தெரியும் டீச்சர்?"

"ரெண்டும் ஒரே பொருள்னா, கலந்தாலும் அதே சூட்டிலேதான் உருகும். வேற வேற பொருள்னா, கலந்தது முந்தியே இளகிடும். எவ்வளவு சாமர்த்தியமா மாத்தி வச்சாலும் இங்கே பொய் சொல்ல முடியாது."

இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரியில் மூன்று குழாய்களும் ஒரே நொடியில் தெளிந்தன.

"மருந்தை யாரும் மாத்தலை," என்றாள் ராஜேஸ்வரி.

முத்துராமன் தன்னையறியாமல் பெருமூச்சு விட்டார். "அப்ப கிருமிதான். செத்த கிருமி."

அறையின் மறுகோடியில் நின்ற பெண் கையிலிருந்த புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இருபத்து நாலு வயதிருக்கும். அவள்தான் சிவகாமி. திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்தவள். வீடு புதுக்கோட்டையில், தினமும் முதல் பஸ்ஸில் வருவாள். அவள் முகத்தில் இருந்தது பயமல்ல என்று ராஜேஸ்வரிக்குத் தோன்றியது. பயந்தவர்கள் எதிரில் இருப்பவரைப் பார்ப்பார்கள். இவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும் என்று நினைத்தாள் ராஜேஸ்வரி.

"சோதனை முடிஞ்சு எதையாவது அறுத்துப் பார்த்தீங்களா டாக்டர்?"

"மருந்து தின்ன வரிசையிலே மூணு, தின்னாத வரிசையிலே மூணு." அலமாரியிலிருந்து ஆறு சீசாக்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கினிப்பன்றியின் மண்ணீரல் மருந்துநீரில் மிதந்தது. ஏழாவதாக ஒன்றையும் வைத்தார். "இது முதல் சோதனையிலே மருந்து தின்ன எலியோடது."

முதல் சோதனையின் மண்ணீரல் வழவழவென்று சுத்தமாக இருந்தது. மற்ற ஆறிலும் கடுகளவில் வெண்புள்ளிகள், ஆறி வடுவானவை. ராஜேஸ்வரி சீசாக்களின் சீட்டை விரலால் மறைத்துக்கொண்டு, எது மருந்து தின்ற வரிசை, எது தின்னாத வரிசை என்று பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சின்னப்பிள்ளையைப் பிரிக்கச் சொன்னாள். அவளாலும் முடியவில்லை.

"செத்த கிருமின்னா இந்தப் புள்ளி எப்படி வந்தது டாக்டர்?"

"கொஞ்சம் வலுக்குறைஞ்ச கிருமியா இருக்கலாம்."

"இருக்கலாம். அப்படின்னா மருந்தும் தின்ன வரிசை முதல் தடவையைவிடச் சுத்தமா இருக்கணும். இது மோசமா இருக்கே?"

முத்துராமன் முதல் சோதனையின் சீசாவை எடுத்து மற்றதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

*

விலங்கறை ஆலையின் பின்பக்கம், வெயிலுக்கு ஓலைத்தட்டி வேய்ந்த நீண்ட அறை. கூண்டுகள் இரண்டு வரிசையாக இருந்தன. மேல்வரிசை கண்ணுக்கு நேரே, கீழ்வரிசை முழங்காலுக்கும் கீழே.

அங்கே வேலை பார்த்த இன்னாசியம்மாளுக்கு ஐம்பது வயது. ஆவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த வேலைக்கு முன்னால் கல்யாண வீடுகளில் சமையலுக்கும் பந்திக்கும் போய்க்கொண்டிருந்தாளாம்.

"பாருங்க டீச்சரம்மா, எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சுட்டாக," என்று கூண்டுகளைக் காட்டினாள். "இந்தா இருக்காளே, இவ ஒருத்திதான் வம்புக்காரி. வெல்லத்தை நக்கிட்டுத் தவிட்டைத் துப்புவா. மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி."

சின்னப்பிள்ளை சிரித்துவிட்டாள். பிறகு துப்பறிய வந்தது நினைவுக்கு வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"மருந்து எப்படிக் கொடுக்கிறது?" என்று கேட்டாள் ராஜேஸ்வரி.

முத்துராமன் சொன்னார்: "ஒவ்வொரு பொட்டலத்தையும் தனியா கல்வத்திலே போட்டு, வெல்லமும் தவிடும் சேர்த்து அரைச்சு ஒரே உருண்டையா உருட்டணும். சிவகாமி தன் கையாலே மேல்வரிசைக்கு மட்டும் ஊட்டும். ஐம்பத்தாறு நாளும் பதிவேட்டிலே கையெழுத்து இருக்கு. கீழ்வரிசைக்கு மருந்தில்லாத உருண்டை. அது இன்னாசியம்மா பொறுப்பு."

சாளரத் திண்டின் மேல் கல்வம் இருந்தது. ராஜேஸ்வரி அதற்குள் விரலை ஓட்டினாள். விரல் நுனியில் ஒட்டடையும் தூசியும் வந்தன, மஞ்சள் வரவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய எனாமல் பேசினைத் திருப்பினாள். உள்விளிம்பைச் சுற்றி, எத்தனை தேய்த்தும் போகாத மஞ்சள் வளையம்.

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, கீழ்வரிசைக் கூண்டு ஒன்றைத் திறந்து உள்ளிருந்த வெள்ளைக் கினிப்பன்றியை இரண்டு கையாலும் எடுத்தாள். அதன் தாடையைக் கட்டைவிரலால் மெல்ல உயர்த்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். திரும்ப உள்ளே விட்டாள்.

"பதிவேட்டைக் கொடுங்க," என்றாள்.

சிவகாமி இத்தனை நேரமும் இறுக்கிப் பிடித்திருந்த புத்தகம் அதுதான். தேதிவாரியாக ஒரே வாசகம்: காலை ஏழு மணி, பன்னிரண்டு உருண்டை, என் கையால் ஊட்டியது. கீழே கையெழுத்து. ராஜேஸ்வரி பக்கங்களைப் புரட்டி ஒரு தேதியில் நிறுத்தினாள்.

"சின்னப்பிள்ளை, நவம்பர் பதினெட்டு என்ன நடந்தது?"

"நவம்பர் பதினெட்டா? அட, அன்னைக்குத்தானே அந்தப் பேய் மழை? ரோடே முங்கிப் போயி ரெண்டு நாளு திருமயம் பஸ்ஸே போகலையே. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகல்ல? நான்கூட..." சின்னப்பிள்ளை பாதியில் நிறுத்தினாள். பதினெட்டிலும் பத்தொன்பதிலும் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு நொடி அவள் முகத்தில் எழுந்தது. எதிரில் சிவகாமி நின்ற நிலையைப் பார்த்ததும் அது அப்படியே அணைந்துபோயிற்று.

ராஜேஸ்வரி குமரப்பனை அழைத்துவரச் சொன்னாள்.

*

ஆறு பேரும் விலங்கறையிலேயே நின்றார்கள். உட்கார ஒன்றும் இல்லை. ராஜேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டு, வகுப்பில் பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள்.

"யாரும் மருந்தைத் திருடலை. யாரும் மாத்தவும் இல்லை. கிருமியும் உயிருள்ள கிருமிதான், புள்ளி வந்திருக்கு. கினிப்பன்றி காச நோயிலேருந்து தானாப் பிழைக்காது, அது டாக்டருக்குத் தெரியும். அப்ப கீழ்வரிசை எப்படிப் பிழைச்சது? அதை மட்டும் கேட்டா விடை வராது. மேல்வரிசை ஏன் முதல் தடவையைவிட மோசமா இருக்குன்னு சேர்த்துக் கேக்கணும். எங்க பள்ளிக்கூடத்திலே வளைஞ்ச கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் தண்ணி இறங்கினா மறுபக்கம் ஏறும். கடைசியிலே ரெண்டும் ஒரே மட்டத்திலே நிக்கும். இங்கேயும் மேலே இருந்தது இறங்கியிருக்கு, கீழே இருந்தது ஏறியிருக்கு. ரெண்டு வரிசைக்கும் நடுவிலே ஒரு குழாய் இருந்திருக்கணும்."

அவள் எனாமல் பேசினைக் கையில் எடுத்தாள்.

"பொட்டலம் தனித்தனியா கல்வத்திலே அரைபடலை, கல்வத்திலே ஒட்டடை. பன்னிரண்டு பொட்டலமும் இதிலே ஒண்ணாக் கொட்டியிருக்கு. கீழ்வரிசை எலியோட தாடைக்குக் கீழே, மடிப்பிலே, ரோமம் மஞ்சளா இருக்கு. இத்தனை நாள் யாரும் பார்க்கலை. பார்க்கிறதுக்குக் குனியணும்."

முத்துராமன் தரையைப் பார்த்தார். "நான் வாரம் ஒரு தடவை எடை பார்ப்பேன்," என்றார். "கூடையோட தராசிலே வைப்பாங்க. நான் முள்ளை மட்டும்..."

"இன்னாசியம்மா, பன்னெண்டு பொட்டலத்திலே எத்தனை உருண்டை உருட்டினீங்க?"

"இருவத்து நாலு," என்றாள் இன்னாசியம்மாள், யோசிக்காமலே. பிறகுதான் எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள். "ஏன்? என்ன தப்பு?"

"கீழ்வரிசைக்குக் குடுக்காதேன்னு சொல்லலையா ஒனக்கு?" குமரப்பனின் குரல் உயர்ந்தது.

"சொன்னாக மொதலாளி. ஏன்னு சொல்லலையே. மருந்து வெல அதிகம், பத்தாதுன்னு நெனச்சேன்." அவள் முந்தானையைக் கையில் சுருட்டினாள். "மொதத் தடவை செத்த பன்னெண்டையும் நாந்தான் சுண்ணாம்புக் குழியிலே போட்டேன். மருந்து அங்கிட்டு இருக்கு, இது இங்கிட்டு இருந்து என் கையையே பாத்துக்கிட்டுச் சாகுது. நான் இருவது வருசம் பந்தியிலே பரிமாறினவ. ஒரு எலைக்குப் போட்டு அடுத்த எலையைத் தாண்டிப் போனா அந்தப் பாவம் ஏழு தலைமொறைக்கு விடாதும்பாக. பத்தாட்டி என்ன செய்வோம்? கொழம்பிலே தண்ணி ஊத்திப் பகுந்து போடுவோம். அதுதானே மொறை? மாதா சத்தியமா, ஒரு பொட்டுகூட நான் சிந்தலை மொதலாளி. எல்லாம் அதுக வயித்துக்குத்தான் போச்சு."

கூண்டுக்குள் ஒன்று கீச்சிட்டது.

"நான் கெடுத்துப்புட்டேனா?" என்று இன்னாசியம்மாள் கேட்டாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதில் என்று புரிந்துகொண்டு அவள் சுவரோரம் நகர்ந்து நின்றாள். பிழைக்க வைத்ததற்காக வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள்.

"பொட்டலம் இன்னாசியம்மா கைக்கு எப்படி வந்தது?" என்று ராஜேஸ்வரி கேட்டாள். சிவகாமியைப் பார்த்துக் கேட்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துக் கேட்டாள். அது அவள் அந்தப் பெண்ணுக்குச் செய்யமுடிந்த சிறு உபகாரம்.

சிவகாமி பேச ஆரம்பித்தபோது குரல் தெளிவாகவே இருந்தது. "இந்தத் தடவை மூணாம் நாள் ஒண்ணு கடிச்சிருச்சு டீச்சர். இந்த விரல்லே." வலதுகைச் சுட்டுவிரலைக் காட்டினாள், ஒன்றும் தெரியவில்லை. "எங்க அண்ணன் காசத்திலேதான் போச்சு. அது இருமினதை ஒரே அறையிலே படுத்துக் கேட்டிருக்கேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கையை விட்டு எவ்வளவு கிருமியை வேணும்னாலும் கையாளுவேன். ஆனா அந்த எலியோட மூச்சு என் கை மேல பட்டப்போ... கூண்டுகிட்டே போக முடியலை. இன்னாசியம்மாகிட்டே, நீங்களே ஊட்டிடுங்கன்னு பொட்டலத்தைக் கொடுத்துட்டு வாசல்லே நிப்பேன். அப்புறம் கையெழுத்துப் போடுவேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு நானே செஞ்சிடுவேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போட்டேன். மழையிலே வர முடியாத ரெண்டு நாளைக்கும் அப்புறம் வந்து சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். இப்பவும் தினம் காலையிலே எந்திரிச்சதும் இருமிப் பார்க்கிறேன்."

குமரப்பன் அவளைத் திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கண்கள் வேறெங்கோ இருந்தன. உதடு கணக்குப் போடுவதுபோல அசைந்தது.

"அப்ப..." என்றார் மெதுவாக. "அப்ப இருபத்து நாலுக்கும் மருந்து போயிருக்கு. பாதி அளவுதான். இருபத்து நாலும் பொழைச்சிருக்கு. டாக்டர், பாதி அளவுக்கே கேக்குதுன்னா மருந்து தோக்கலை, ஜெயிச்சிருக்கு!"

"கேட்டிருக்குன்னுதான் தோணுது," என்றார் முத்துராமன், நிமிர்ந்து.

"அப்ப அப்படியே எழுதுங்க. ரெண்டாவது சோதனை, இருபத்து நாலுக்கும் பாதி அளவு, நிறுத்து அளந்து குடுத்ததுன்னு. திட்டம் போட்டே செஞ்சதுன்னு. சிவகாமி கையெழுத்தும் நிக்கும், இன்னாசியம்மா வேலையும் நிக்கும். டாக்டருகளுக்கு வெளியாள் ஒருத்தர் சாட்சி வேணும்பாக." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, ராஜேஸ்வரியிடம் நீட்டினார். "நீங்க பாத்தீங்கள்ல டீச்சர். ஒரு கையெழுத்து."

சிவகாமி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். சுவரோரத்திலிருந்து இன்னாசியம்மாளும் பார்த்தாள். என்ன கேட்கப்படுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. தனக்கு ஏதோ நல்லது என்பது மட்டும் புரிந்தது.

ராஜேஸ்வரி பேனாவை வாங்கிக்கொண்டாள். கனமான பேனா.

"இந்தக் கையாலே உருட்டினது," என்றாள், இன்னாசியம்மாளைக் காட்டி. "எந்த உருண்டையிலே எவ்வளவு போச்சுன்னு யாருக்கும் தெரியாது. வெல்லத்தை நக்கிட்டுத் தவிட்டைத் துப்பினது எவ்வளவு தின்னதுன்னு தெரியாது. ஒங்க ஆறாம் நம்பர் எலியைக் கொன்னிருக்கு டாக்டர். இது எந்த அளவிலே கொல்லும்? நாச்சம்மைக்கு எவ்வளவு கொடுக்கச் சொல்லுவீங்க?"

முத்துராமன் எனாமல் பேசினின் மஞ்சள் வளையத்தைப் பார்த்தார்.

"நடந்ததை நடந்த மாதிரியே எழுதி, மூணாவது சோதனை வைங்க. கீழ்வரிசைக்கு ஏன் இல்லைங்கிறதை இன்னாசியம்மாவை உட்கார வச்சுச் சொல்லுங்க," என்றாள் ராஜேஸ்வரி.

"இன்னும் எட்டு வாரம்." குமரப்பனின் குரல் உடைந்தது. "எம்மகளுக்கு எட்டு வாரம் இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. எந்த ரசாயனத்திலும் இல்லை. சின்னப்பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தக் கதையிலும் துப்பறிபவர் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பதைப்போல இவளும் ஏதோ வைத்திருப்பாள் என்று நம்பி. அந்த நம்பிக்கை குமரப்பனின் கேள்வியைவிடக் கனத்தது.

"நான் சென்னையிலே ஒரு பரிசோதனைக் கூடத்திலே வேலை பார்த்தேன்," என்றாள் ராஜேஸ்வரி. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "விஷம் வச்சதா ஒரு வழக்கு. சோத்தை ரெண்டு தடவை சோதிக்கணும். ரெண்டாவது தடவை அங்கே இருந்த பியூன் செஞ்சான். எனக்கு அன்னைக்குத் தலைவலி, வெளியே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணாலே பார்த்ததா கையெழுத்துப் போட்டேன். பாத்திரத்திலே பழைய விஷம் ஒட்டியிருந்திருக்கு. அந்த வீட்டுப் பொம்பளை பதினோரு மாசம் ஜெயில்லே இருந்தா. அப்புறம் விட்டுட்டாங்க. யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

சின்னப்பிள்ளையின் கை தானாக வாய்க்குப் போயிற்று. ராஜேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. சிவகாமிதான் அவளை நேராகப் பார்த்தாள்.

குமரப்பன் பேனாவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருக்குள் அப்போது ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது. அதில் ஒரு பெண் இருமிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒங்களுக்கு இது பழக்கந்தானே டீச்சர்," என்றார். "எம்மகளுக்காக இன்னொரு தடவை போடுங்க."

சூடு பின்கழுத்திலிருந்து காது வரை ஏறியது. ராஜேஸ்வரி அதை இறங்கச் சொல்லவில்லை. பேனாவின் மூடியை எடுத்து, மறை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துத் திருகி மூடினாள். குழந்தையிடம் கொடுப்பதைப்போல அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இல்லைங்க ஐயா," என்றாள். "போட மாட்டேன்."